‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சைஸ் செட் சாம்பிளை (ஒவ்வொரு அளவிலும் தைத்த மாதிரி ஆடைகளை) வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவோம் என்று சொல்ல, லண்டன் பையருக்கு ‘வி வில் சென்ட் த சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே’ என்று மெயில் போட்டேன். ‘அப்படியென்றால் எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டார்கள். அடுத்த முறை ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதினேன். அதுவும் தப்பு என்கிறார் மேனேஜர். எதை எங்கே போடுவது? பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வரும் ‘ஃப்ரம்’, ‘டு’ தேதிகளில் அந்தந்த நாளும் சேருமா? தேதியை முன்னால் கொண்டுவருவதை ‘ப்ரீபோன்’ என்று எழுதலாமா?

பதில்: மேனேஜர் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் ஆங்கிலம் தெரியாதது இல்லை. நம் ‘க்குள்’ செய்கிற வேலை அப்படி. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்கிறோம், ‘மூணு நாளுக்குள்’ என்றும் சொல்கிறோம். முதலாவது காலண்டரில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு நாள். இரண்டாவது எண்ணிப் பார்க்க வேண்டிய ஓர் அளவு. தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான், ‘க்குள்’ போட்டால் முடிந்தது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். நாளோ மணியோ குறிப்பிட்டால் ‘பை’: ‘பை ஃப்ரைடே’, ‘பை ஃபைவ் ஓ கிளாக்’. அளவு சொன்னால் ‘வித்தின்’: ‘வித்தின் த்ரீ டேஸ்’. உங்கள் ‘வித்தின் ஃப்ரைடே’ இடறியது இங்கேதான்.

‘அன்டில்’ நம் ‘வரை’. ஒரு நிலையோ வேலையோ அதுவரை தொடர்ந்து நடக்கிறது, அப்புறம் நிற்கிறது. ‘த ஆஃபர் இஸ் வேலிட் அன்டில் 30 ஜூன்’ என்றால் ஜூன் 30 வரை அந்த விலை செல்லும். அனுப்புவது ஒரே தடவை முடிகிற காரியம். அதோடு ‘அன்டில் ஃப்ரைடே’ சேர்த்தால், வெள்ளிக்கிழமை வரை தினமும் ஒரு கூரியர் போட்டுக்கொண்டே இருப்பீர்கள் என்பது போல ஒலிக்கும். பையர் குழம்பியதில் வியப்பில்லை.

இதில் நம்மை ஏமாற்றுகிற ஒரு வாக்கியம் உண்டு. ‘வெள்ளி வரைக்கும் டைம் இருக்கு’ என்று புரொடக்‌ஷன்காரர் சொல்வார். அவர் சொன்னது கெடு. ஆனால் வாயில் வந்தது ‘வரைக்கும்’. அதை அப்படியே மெயிலில் ஏற்றும்போது ‘அன்டில்’ உள்ளே வந்துவிடுகிறது. ‘யூ ஹேவ் அன்டில் ஃப்ரைடே’ என்பது நல்ல ஆங்கிலமே, ஏனென்றால் அவகாசம் இருப்பது ஒரு நிலை. அனுப்புவது, முடிப்பது, பதில் போடுவது என்று வந்தால் ‘பை’க்கு மாறிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வெள்ளி வரை அனுப்புவோம்’ என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

எதிர்மறையில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும், அங்கேதான் பணம் போகிற அளவுக்குத் தவறு நேரும். ‘வி வோன்ட் ஷிப் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால் வெள்ளிக்கு முன்னால் சரக்கு கிளம்பாது, வெள்ளியன்று கிளம்பும் என்று பையர் எடுத்துக்கொள்வார். ‘வி வோன்ட் பி ஏபிள் டு ஷிப் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை தாண்டியும் சரக்கு இங்கேயே கிடக்கும் என்று பொருள். முதலாவதைப் படித்தவர் கப்பலில் இடம் பிடித்து வைப்பார். இரண்டாவதைப் படித்தவர் டிஸ்கவுன்ட் கேட்பார்.

‘டில்’லுக்கும் ‘அன்டில்’லுக்கும் பொருளில் வித்தியாசம் கிடையாது. ‘அன்டில்’லைச் சுருக்கியதுதான் ‘டில்’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘டில்’ தான் பழைய சொல். அலுவலகக் கடிதத்தில் ‘அன்டில்’ கொஞ்சம் மரியாதையாக இருக்கும், அவ்வளவுதான்.

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேர்த்தி. ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு கெடு முடிகிறது. பேச்சில் ஆங்கிலேயர்களே இதில் கவனக்குறைவாக இருப்பார்கள். ஆகையால் தாமதத்துக்கு அபராதம் இருக்கிற ஆர்டர்களில் ‘ஆன் ஆர் பிஃபோர் ஃப்ரைடே 12 ஜூன்’ என்று கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள். கிழமையும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் எதிர்முனையில் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள் என்பது கூடுதல் லாபம். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ தனியாக வேண்டவே வேண்டாம். திங்கட்கிழமை அதைப் படிக்கிற ஒருவர் இந்த வார வெள்ளி என்பார், இன்னொருவர் அதற்கடுத்த வெள்ளி என்பார். நம் ‘அடுத்த வெள்ளி’யும் இதே ரகம்தான். தேதியை எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05/06 என்று போட்டால் லண்டன்காரருக்கு அது ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ஏற்றுமதி மெயில்களில் அடிக்கடி கண்ணில் படுவது: ‘வி வில் சென்ட் ஆஃப்டர் டூ டேஸ்’. ‘ரெண்டு நாள் கழிச்சு அனுப்புறோம்’ என்பதன் நேர்ப் பிரதி. படிக்கிறவருக்கு இரண்டு நாள் ஆவதற்குள் வராது என்பது மட்டும்தான் தெரிகிறது. எப்போது வரும் என்பதற்குப் பதிலே இல்லை. இன்றிலிருந்து எண்ணினால் ‘இன் டூ டேஸ்’. அதற்கு முன்பேயும் வரலாம் என்றால் ‘வித்தின் டூ டேஸ்’. ‘ஆஃப்டர் டூ டேஸ்’ நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போது பொருந்தும்: திங்கட்கிழமை அப்ரூவல் வந்தது, இரண்டு நாள் கழித்து கலரை மாற்றினார்கள்.

‘முன்னாடி’யும் இப்படித்தான். இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’: ‘டூ வீக்ஸ் அகோ’. வேறொரு நிகழ்விலிருந்து எண்ணினால் ‘பிஃபோர்’: ‘டூ வீக்ஸ் பிஃபோர் த ஷிப்மென்ட்’. ‘சின்ஸ் டூ வீக்ஸ்’ என்று எழுதாதீர்கள். ‘சின்ஸ்’ தொடங்கிய நாளைக் கேட்கும், ‘ஃபார்’ நீளத்தைக் கேட்கும்: ‘சின்ஸ் 1 ஜூன்’, ‘ஃபார் டூ வீக்ஸ்’. வினையும் ‘வி ஆர் வெயிட்டிங்’ என்று இருக்கக் கூடாது, ‘வி ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்று வர வேண்டும்.

இனி எல்.சி. மெயிலில் ஒரு சொல் பிசகினால் மறு மெயில் போட்டுச் சமாளிக்கலாம். எல்.சி.யில் பிசகினால் வங்கி ‘டிஸ்கிரிபன்சி’ (ஆவணம் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை) என்று எழுதிப் பணத்தை நிறுத்தும். நல்ல வேளையாக அங்கே அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட யூ.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் எல்.சி.யில் ‘சப்ஜெக்ட் டு யூ.சி.பி.’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதன் 3ஆம் விதியே உங்கள் கேள்விக்குப் பதில்.

சரக்கு ஏற்றும் கால அளவைச் சொல்லும்போது ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ ஆகிய ஐந்துக்கும் குறிப்பிட்ட தேதி சேரும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டுக்கும் சேராது. ‘ஷிப்மென்ட் ஃப்ரம் 1 ஜூன் டு 20 ஜூன்’ என்றிருந்தால் 20ஆம் தேதியிட்ட பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) செல்லும். ‘பிஃபோர் 20 ஜூன்’ என்றிருந்தால் 19தான் கடைசி. தூத்துக்குடியில் கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால் இந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே ‘ஃப்ரம்’ பணம் தர வேண்டிய நாளைக் கணக்கிட வரும்போது கட்சி மாறிவிடும். ‘30 டேஸ் ஃப்ரம் பில் ஆஃப் லேடிங் டேட்’ என்றால் பில் தேதியைச் சேர்க்கக் கூடாது. பில் ஜூன் 10 தேதியிட்டது என்றால் 11 முதல் நாள், ஜூலை 10இல் பணம். ஒரே எல்.சி.யில் ஒரு வரியில் ‘ஃப்ரம்’ நாளைச் சேர்க்கும், இன்னொரு வரியில் விலக்கும். போதாததற்கு நம் நாட்டு 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சட்டங்களில் வரும் ‘ஃப்ரம்’ முதல் நாளை விலக்கும், ‘டு’ கடைசி நாளைச் சேர்க்கும் என்கிறது. ஆகவே அரசு அறிவிப்பைப் படித்த பழக்கத்தில் எல்.சி.யைப் படிக்காதீர்கள்.

‘ஆன் ஆர் அபவுட் 15 ஜூன்’ பார்த்தால் ஏதோ தோராயம் போல இருக்கும். விதிப்படி அது முன்னால் ஐந்து நாள், பின்னால் ஐந்து நாள். ஜூன் 10 முதல் 20 முடிய, இரு முனையும் சேர்த்து. மாதத்தின் ‘பிகினிங்’ என்றால் 1 முதல் 10, ‘மிடில்’ என்றால் 11 முதல் 20, ‘எண்ட்’ என்றால் 21 முதல் மாதக் கடைசி வரை. எனக்கு மிகவும் பிடித்த வரி இதே விதியில் இருக்கிறது: ‘ப்ராம்ப்ட்’, ‘இமீடியட்லி’, ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ போன்ற சொற்கள், ஓர் ஆவணத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்கப்பட்டிருந்தால் ஒழிய, கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. கடைசிச் சொல்லைச் சுருக்கி ‘அசாப்’ என்று போட்டு மெயில் அனுப்புகிற எல்லோருக்கும் இதை அச்சிட்டுக் கொடுக்கலாம்.

ஆவணங்களை வங்கியில் சேர்ப்பதற்கும் ஒரு ‘ஆஃப்டர்’ உண்டு. எல்.சி.யில் வேறு கெடு சொல்லாதபோது, ஷிப்மென்ட் தேதிக்குப் பின் 21 காலண்டர் நாட்கள். ஜூன் 10இல் ஏற்றினால் ஜூலை 1 கடைசி, எல்.சி. அதற்கு முன்பே காலாவதியாகாமல் இருந்தால். இவை பொதுவான விதிகள். உங்கள் எல்.சி.யில் திருத்தி எழுதியிருந்தால் அதுதான் செல்லும், எனவே வங்கியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பையர் ‘பை ஈஓடி’ (எண்ட் ஆஃப் டே, நாள் முடிவதற்குள்) என்று கேட்டால் யாருடைய நாள் என்று கேளுங்கள். லண்டனில் மாலை 5 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ‘மிட்நைட் ஃப்ரைடே’யும் ஆபத்தானது, அது வெள்ளி பிறக்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்று தெரியாது. 11:59 பி.எம். என்று எழுதினால் வம்பில்லை. ‘பைவீக்லி’ வாரம் இருமுறையும் ஆகும், இரு வாரத்துக்கு ஒருமுறையும் ஆகும். அதைத் தவிர்த்துவிடுங்கள். ஃபோனில் லண்டன்காரர் ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை. ஜெர்மன் பையர் அதையே சொன்னால் ஆறரையாக இருக்கலாம், அவர்கள் மொழியில் ‘பாதி ஏழு’ என்பது ஆறரை. ஐரோப்பியர்கள் ‘டெலிவரி வீக் 32’ என்று கேட்டால் அது ஆண்டின் 32ஆம் வாரம், சர்வதேசத் தர முறைப்படி திங்களில் தொடங்கும் ஐஎஸ்ஓ வாரம். 2026இல் அது ஆகஸ்ட் 3 திங்கள் முதல் 9 ஞாயிறு வரை.

‘ப்ரீபோன்’ விஷயத்தில், அதை எழுதவே கூடாது என்கிற மேனேஜர்கள் பக்கம் நான் முழுதாக இல்லை. நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற, வேலைக்கு உதவுகிற சொல் அது; ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது. சென்னை ஏஜென்டுக்கு எழுதும்போது தாராளமாகப் போடுங்கள். லண்டன்காரருக்கு அது பழக்கமில்லை, ‘பிரிங் ஃபார்வர்டு’ என்று எழுதுங்கள். ஆனால் ‘மூவ் ஃபார்வர்டு’ என்று எழுதிவிடாதீர்கள். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ்டு ஃபார்வர்டு’ என்று சொல்லி, இப்போது கூட்டம் என்றைக்கு என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே ஆய்வாளர் லேரா போரோடிட்ஸ்கி கேட்டுப் பார்த்தார். ஏறக்குறைய பாதிப் பேர் திங்கள் என்றார்கள், மீதிப் பேர் வெள்ளி என்றார்கள். எனவே சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் எக்ஸ்-ஃபேக்டரி தேதி மாறினால் பழைய தேதியையும் புதிய தேதியையும் ஒரே வரியில் போட்டுவிடுங்கள்: ‘ஃப்ரம் வெட்னஸ்டே 17 ஜூன் டு மண்டே 15 ஜூன், டூ டேஸ் எர்லியர்’.