தோழியின் பதவி உயர்வும் உங்கள் தூக்கமும்

வணக்கம். உடன் வேலைக்குச் சேர்ந்த தோழிக்குப் பதவி உயர்வு கிடைத்த நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, மூச்சுப்பயிற்சி செய்தும் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்களுக்கு நேரான மருந்து பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், முதல் பாதத்தின் (பகுதியின்) 33ஆம் சூத்திரத்தில் இருக்கிறது. சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் பொருட்படுத்தாமை. இந்த நான்கையும் பழகினால் சித்தம் தெளியும் என்கிறார். முதலில் நிற்பது எது என்று பாருங்கள்: அடுத்தவர் சுகம்! அது நம்மை எவ்வளவு உறுத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாளை காலை தோழியிடம், "புதுப் பொறுப்பு எப்படிப் போகிறது?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் மனம் ஒப்பாது. பரவாயில்லை, சூத்திரம் சொல்வது பாவனையை, அதாவது திரும்பத் திரும்ப மனத்தில் இருத்துவதை. உடனே அன்பு பொங்க வேண்டியதில்லை. என் தம்பி வீடு கட்டியபோது எனக்கும் இதே எரிச்சல்தான். கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் நின்று பரிமாறினேன். அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

உங்களுக்கு உரிய உயர்வு மறுக்கப்பட்டது என்று நினைத்தால், அதை மேலதிகாரியிடம் தனியாகக் கேளுங்கள். தோழியை அதில் இழுக்க வேண்டாம்.