மாமத் அழிவு: வெப்பம் மட்டும் போதுமா?

"மாமத்துகள் எனும் ரோமம் அடர்ந்த பழங்கால யானைகள் அழிய, பனியுகம் முடிந்து வெப்பம் ஏறியதே போதாதா, மனிதனை ஏன் இழுக்கிறார்கள்?" என்றால், போதாது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பும் பூமி இதேபோல் சூடானது. மாமத்துகள் தாக்குப்பிடித்தன. பிந்தைய சூட்டின்போது ஈட்டியோடு மனிதனும் கூடவே இருந்தான்.

யானை இனம் ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரே கன்று போடும். வருடத்துக்குச் சில வேட்டையே கூட்டத்தைக் கரைத்துவிடும். பெரிய படுகொலை எதுவும் தேவையில்லை.

சந்தேகமிருந்தால் தீவுகளின் காலக்கணக்கைப் பாருங்கள். மாமத்தைப் போலவே அழிந்துபோன இன்னொரு விலங்கு, தரைவாழ் ஸ்லாத் எனும் தாவர உண்ணி. அமெரிக்கப் பெருநிலத்தில் அவை சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தன. மனிதர் தாமதமாகப் போன கியூபா தீவில் இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தன.

ஆனால் எல்லாப் பழியையும் மனிதன்மேல் போடாதீர்கள். அலாஸ்காவின் செயின்ட் பால் தீவில் அப்போது மனிதவாடையே இல்லை. கடல்மட்டம் ஏறி, நன்னீர் ஏரி சுருங்கி, சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மாமத்துகள் செத்தன.