காற்று ஹேமர் வாங்குவோர், ஓட்டுவோர் கவனத்துக்கு: கேள்வி-பதில்

கிணறு தூர்வாரி ஆழப்படுத்தும் காலம் என்பதால் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போர்வெல் வண்டியில் ராடு முனையில் மாட்டிக் குழிக்குள் இறக்கும் ஹேமரையும், கையால் பிடித்து ஓட்டும் ஜாக் ஹாமரையும் பற்றியவை. இரண்டும் அழுத்தக் காற்றில் அடிப்பவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

டிராக்டர் கம்ப்ரசரில் ஜாக் ஹாமர் ஓட்டுகிறேன். அடி விழுகிறது, ராடு (துளையிடும் கம்பி) சுற்றவில்லை. உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (திருமயம்)

மாற்றாதீர்கள். முதலில் ஒரு புது ராடைச் சொருகி ஓட்டிப் பாருங்கள். சுற்றினால், பழைய ராடின் அறுகோண முனை உருண்டுபோய் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். புது ராடும் வழுக்கினால் அதைப் பிடிக்கிற சக் தேய்ந்திருக்கும். அதுவும் சரியாக இருந்தால்தான் மேல்பக்கம் கழற்றி, ராடைச் சுற்ற வைக்கும் ராட்செட் பற்கள், அவற்றைத் தள்ளும் சின்ன ஸ்பிரிங்குகள், ரைபிள் நட்டு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ஒன்று ஒடிந்தாலே சுற்று நின்றுவிடும், அதன் விலை ஒன்றுமேயில்லை. காற்றழுத்தத்தைக் கம்ப்ரசர் மீட்டரில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், நீளமான ஹோஸில் பாதி வழியிலேயே குறைந்துவிடும். ஹாமர் பக்கத்தில் 5 முதல் 6 பார் இருக்க வேண்டும். அப்புறம், பிஸ்டன் அடிக்கிற ராடு முனை சப்பியோ சில்லு தெறித்தோ இருந்தால் அந்த ராடை ஒதுக்கிவிடுங்கள். அது பிஸ்டனையே உடைக்கும்.

போர் பாதியில் ஹேமர் அடிப்பதை நிறுத்திவிட்டது. காற்று மட்டும் பிட் (ஹேமரின் அடியில் பாறையை உடைக்கும் முனை) வழியாகப் போகிறது. புது ஹேமர்தான் வாங்க வேண்டுமா? (சிங்கம்புணரி)

பிட்டைக் கழற்றிப் புட் வால்வைப் பாருங்கள். பிட்டின் மேல்முனையில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய்தான் அது. உடைந்திருந்தால் பிஸ்டன் மேலும் கீழும் போகாது. உங்கள் ஹேமருக்கு உரிய அளவிலேயே வாங்கிப் போடுங்கள், நீட்டம் கூடினாலும் குறைந்தாலும் வேலை செய்யாது. வால்வு நன்றாக இருந்தால் உள்ளே மண் புகுந்து பிஸ்டன் இறுகியிருக்கும். ராடு மாட்டும் முன் ஒருமுறை காற்றை விட்டு ராடுக்குள் இருக்கும் மண்ணை ஊதித் தள்ளுகிற பழக்கம் உங்கள் ஆட்களுக்கு உண்டா?

ராக் டிரில் ஆயில் விலை கட்டுப்படியாகவில்லை. வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறோம். தவறா? (திருப்பத்தூர்)

தவறுதான். எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹேமருக்குள் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடைவெளி. நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் அடிக்கிற அந்த இரும்பைக் காப்பாற்றுவது காற்றோடு வருகிற ஆயில் படலம் ஒன்றுதான். ராக் டிரில் ஆயில் இரும்பில் ஒட்டிப் பிடிக்கிற மாதிரி செய்யப்பட்டது. காற்றோடு வருகிற தண்ணீரும் தூசியை அடக்க நாம் விடுகிற தண்ணீரும் பட்டாலும் சட்டென்று கழுவிக்கொண்டு போகாது. எஞ்சின் ஆயிலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, பழைய ஆயில் என்றால் அதில் கரியும் இரும்புத் தூளும் வேறு கலந்திருக்கிறது, அதை நீங்களே புது பிஸ்டன் மேல் தேய்க்கிறீர்கள். டீசல் ஊற்றிக் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அழுத்தக் காற்றின் சூட்டில் அது உள்ளேயே தீப்பிடிக்கும், ஆள் போய்விடும். ஆயில் போகிறதா என்று தெரிய ஒரு அட்டையைப் பிட்டுக்குக் கீழே பிடித்துக் காற்றைத் திறந்துவிடுங்கள். அட்டையில் ஈரப்பசையாக ஆயில் படிய வேண்டும். வெறும் தூசியோ தண்ணீரோ மட்டும் வந்தால் அன்றைய வேலையைத் தொடங்காதீர்கள். மழைக்காலத்தில் ஹேமரைச் சும்மா போடும்போதும் தண்ணீரை ஊதித் தள்ளி, ஆயில் ஊற்றி, இரண்டு முனையையும் மூடிப் படுக்க வையுங்கள். துருப் புள்ளி விழுந்த இடத்தில்தான் பிஸ்டன் பிறகு விரிசல் விடும்.

கடன் வாங்கிப் புது ஹேமர் என்று ஒன்றை வாங்கினேன். ஒரு போர் முடியும் முன்னே பிஸ்டன் இரண்டாகிவிட்டது. ஆயில் ஊற்றாமல் ஓட்டினாய் என்கிறார் கடைக்காரர். பில்லும் தரவில்லை. நானும் தம்பியும் மட்டும் ஓட்டும் வண்டி. (தேவகோட்டை)

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. நானும் இப்படித்தான் ஏமாற்றப்பட்டேன். பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள், சுரண்டிப் பார்த்தால் சக் பக்கம் தேய்ந்த கேசிங் (ஹேமரின் வெளிக்கூடு), மரைக்குள்ளேயும் பெயிண்ட். புது ஹேமரில் மரைக்குள் கிரீஸ்தான் இருக்கும். நீங்கள் காலிப்பர் வைத்துக் கேசிங்கின் மேல், நடு, கீழ் என்று விட்டத்தை அளந்து படம் எடுங்கள், கீழே மெலிந்திருந்தால் அது ஓடிய சரக்கு. பிஸ்டனை வீசிவிடாதீர்கள். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் பக்கவாட்டில் நீளக் கீறலும் சூட்டில் நீலம் பாய்ந்த திட்டும் தெரியும். அது இல்லையென்றால் கடைக்காரரின் கதை நிற்காது.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அவர் சொல்லலாம். பயப்படாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு மட்டும் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பில் தராததே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

தேய்ந்த பிட்டால் பாதி போட்ட குழியில் புது பிட்டை இறக்கினோம், சிக்கிக்கொண்டது. பிட் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (கீழச்சிவல்பட்டி)

முடியாது. தேய்ந்த பிட் போட்ட குழி சின்னது, புது பிட் பெரியது. வாங்கும் முன் இரண்டையும் அளந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிட் முகத்தில் பதித்திருக்கும் உருண்டைப் பட்டன்கள் தட்டையாகி, அந்தத் தட்டை பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும்போதே சாணை பிடிக்க வேண்டும் என்பதையும் விட்டிருக்கிறீர்கள்.

ஹேமர் கேசிங்கில் விழுந்த விரிசலை வெல்டிங் வைக்கலாமா? (காரைக்குடி)

கூடாது. சூடு பட்டால் பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும்.

ஜாக் ஹாமர் தூசிக்கு மூக்கில் துண்டு கட்டினால் போதாதா? (குன்றக்குடி)

போதாது. கண்ணுக்குத் தெரியாத கல்தூள் துண்டுக்குள் நுழைந்து நுரையீரலில் தங்கிவிடும், வருகிற நோய்க்கு மருந்து கிடையாது. தண்ணீர் விட்டே துளையுங்கள். தண்ணீர்க் குழாய் உள்ள ஹாமராகக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுப் பின்கட்டில் போர் போட்டார்கள். ஹேமர் உள்ளே விழுந்துவிட்டதாம், அதற்கும் என்னிடம் பணம் கேட்கிறார்கள். ஆழக் கணக்கும் சந்தேகமாக இருக்கிறது. (கானாடுகாத்தான்)

ஆச்சி, கொடுக்காதீர்கள். ஹேமர் அவர்களுடைய கருவி. விழுந்தால் நீங்கள் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய அது உங்கள் பாடு இல்லை. சக் மெலிந்த பிறகும் ஓட்டினாலோ, ராடை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலோ கழன்று விழும், இரண்டுமே ஓட்டுகிறவர் பொறுப்பு. ஆழத்துக்கு ஒரு ராடை டேப் வைத்து அளந்து, மேலே ஏற்றும்போது எத்தனை ராடு என்று பேரனை விட்டு எண்ணச் சொல்லுங்கள். வண்டி இன்னும் வாசலில் நிற்கிறது என்றால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.