படம் எடுத்தாச்சு, அப்புறம்?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவர்கள், அரண்மனையும் பழைய வீடும் பார்த்துப் படம் எடுத்துப் பகிர்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த வாரம்.

கேள்வி: ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சுவர் ஓவியங்களை எத்தனை தடவை எடுத்தும் ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை. ப்ளாஷ் போடலாமா? (வாசகி, பரமக்குடி)

போடாதீங்க. கிட்டத்தட்ட முன்னூறு வருஷத்துச் சாயம் அது. சாயத்தை விடுங்கள், படத்துக்கும் ப்ளாஷ் ஆகாது, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து சேதுபதி மன்னரின் முகமே காணாமல் போகும். முதலில் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே படம் எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். சரி என்றால், வெளி வெளிச்சம் வருகிற பக்கமாக நின்று, முழங்கையைத் தூணில் ஊன்றி, போன் திரையில் ஓவியத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். முழுச் சுவரையும் ஒரே படத்தில் அடக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. அந்த மண்டபம் கிழவன் சேதுபதி கட்டியது, ஓவியங்கள் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 1713க்கும் 1725க்கும் இடையில். தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கிற காட்சி ஒரு பக்கம், ராமாயணம் ஒரு பக்கம். ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு குதிரை, ஒரு கை, ஒரு தலைப்பாகை என்று நெருங்கிப் போங்கள். பகிரும்போது ‘ராம்நாட் பேலஸ் வைப்ஸ்’ என்று போட்டு மூன்று இதயம் வைத்தால் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? எந்தச் சுவர், என்ன காட்சி, யார் காலம் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் நான் இந்தப் பகுதியையே நடத்துகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கீழக்கரையில் நண்பனின் பழைய வீட்டைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். நல்ல வரவேற்பு. ஆனால் நண்பனின் பெரியம்மாவுக்குக் கோபம், படத்தை நீக்கச் சொல்கிறார். அவன் காக்கா (அண்ணன்) ‘விடு, சரியாகிவிடும்’ என்கிறார். என்ன செய்ய? (வாசகர், மதுரை)

காக்கா சொல்வதைக் கேட்காதீர்கள், பெரியம்மா சொல்வதைக் கேளுங்கள். இன்றே நீக்கிவிடுங்கள். கீழக்கரையில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருப்பார்கள், வீட்டில் பெண்கள்தான். திண்ணையும் மரத்தூணும் தெருவில் போகிறவன் பார்க்கிறதுதான், ஆனால் உள்முற்றமும் அதற்கு அப்பால் இருக்கிற அறையும் விருந்தாளிக்குக்கூடச் சட்டென்று திறக்காத இடம். உங்களை நம்பி உள்ளே விட்டார்கள், நீங்கள் ஊரையே உள்ளே கூட்டி வந்துவிட்டீர்கள். இன்னொன்று, நிறையப் பேர் கவனிக்காதது: போனில் எடுக்கிற படத்துக்குள் இடக்குறிப்பு பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது போய்விடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். ‘ஆளில்லாத அழகான பழைய வீடு’ என்று எழுதி இடத்தையும் காட்டினால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், நல்ல படங்களைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு முதலில் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் எதை வெளியே காட்டலாம் என்று அவரே பிரித்துத் தருவார். கட்டடக்கலை ஆசை இன்னும் தீரவில்லை என்றால் அதே ஊரில் பழைய ஜும்மா பள்ளிவாசல் இருக்கிறது, தொழுகை நேரம் இல்லாதபோது அனுமதி கேட்டுப் போங்கள். கோயில் மண்டபம் மாதிரியே கல் தூண்கள், ஆனால் செதுக்கியதில் ஆளும் இல்லை மிருகமும் இல்லை, பூவும் கொடியும்தான். தூணின் மேல்பகுதியைச் சாய்வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டிரோன் வாங்கியிருக்கிறேன். பாம்பன் பக்கம் பறக்கவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியைக்கூடப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: தனுஷ்கோடியில் நான் எடுத்த படமும் மற்றவர்கள் எடுத்ததும் ஒன்றுபோலவே இருக்கிறது. எப்படி வித்தியாசமாக எடுப்பது? (கல்லூரி மாணவி, ராமேஸ்வரம்)

எல்லாரும் சர்ச்சின் இடிந்த சுவர் முன்னால் நின்று வானத்தோடு சேர்த்து எடுக்கிறார்கள், அதனால்தான். நீங்கள் சுவருக்கு ஒரு சாண் தூரத்துக்குப் போங்கள், தொட வேண்டாம், உடைக்கவே வேண்டாம். அது செங்கல் சுவர் இல்லை, பவளக்கல். குட்டிக் குட்டி ஓட்டைகள், சில இடத்தில் நட்சத்திரம்போல வரி, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளப் பூச்சிகள் இருந்த குழி அவை. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரியும், மதியத்தில் சுவர் தட்டையாகிவிடும். கடலிலிருந்து வந்த கல்லால் கட்டி, 1964 டிசம்பர் புயலில் கடலாலேயே இடிந்த சுவர் என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள், அதை யாரும் எழுதுவதில்லை.

‘பேய் நகரம்’ என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். எனக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே எரிச்சல். அங்கே இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசையில் இருக்கிறார்கள், வலை காயப்போடுகிறார்கள், உங்களுக்கே சங்கும் பாசிமாலையும் விற்கிறார்கள். அவர்களைப் படம் எடுப்பதாக இருந்தால், ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா’ என்று கேட்டுவிட்டு எடுங்கள். நம்பர் வாங்கிப் படத்தை அவர் போனுக்கு அனுப்புங்கள். பாதிப் பேர் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

கேள்வி: கண்மாய்க் கரையில் நடக்கப் போய்ப் பறவைகளை எடுத்து, குடும்ப குரூப்பில் மொத்தமாகப் போடுகிறேன். யாரும் பார்ப்பதே இல்லை! (ஓய்வுபெற்ற ஆசிரியர், சாயல்குடி)

மொத்தமாகப் போட்டால் யார் சார் பார்ப்பார்கள்? ஐந்து படம் போதும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் தண்ணீர் நிற்கும்போது சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பக்கம் போனால் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும், தூரத்திலிருந்தே எடுங்கள். கிட்டப் போனால் தாய்ப் பறவை எழுந்து போய்விடும், குஞ்சு வெயிலில் கிடக்கும். கூடு இருக்கிற மரத்தை அடையாளம் காட்டியும் எழுத வேண்டாம். மீதிப் படங்களை ஆல்பமாக வைத்து லிங்க் கொடுங்கள், வேண்டுகிறவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் வாத்தியார், பறவையின் பெயரைக் கேள்வியாகப் போட்டுப் பதிலை மறுநாள் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளாவது வருவார்கள்.