நூல் பிடிக்கிற வேலைக்கா படிக்கப்போகிறான்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தம்பி உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி மட்டும் கொஞ்சத்தில் தவறிவிட்டது. இப்போது கட்டட வேலைத்தளத்தில் அளவை பழகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கனடாவிலிருந்து மாமா எடுத்து, "நூல் பிடிக்கிற வேலைக்கா இவ்வளவு படித்தவன்?" என்று கேட்டிருக்கிறார். முன்வீட்டுப் பிள்ளை கியூ.எஸ். (கட்டடச் செலவுக் கணக்குப் படிப்பு) முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டானாம், இதுவும் அதுவும் ஒன்றுதானே என்பது உங்கள் கேள்வி.

ஒன்றில்லை அம்மா. எங்கள் ஊரில் 'சேவையர்', அதாவது அளவையாளர், என்றால் மூன்று பேரில் யாராகவும் இருக்கலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாமவர் காணி அளக்க வருகிறவர். உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, கதியாலுக்குள் எல்லைக்கல் தேடுகிறவர். உறுதியில் இத்தனை பரப்பு என்று இருந்தால் அது வரகுப் பரப்பா நெற்பரப்பா என்று முதலில் பார்ப்பார். வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஒரு ஏக்கர், நெற்பரப்பென்றால் 24 வேண்டும். வேலிச் சண்டை நீதிமன்றம் போனால் அவர் கீறிய படம்தான் பேசும். அந்த வேலைக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி பதிவும் அனுமதியும் வேண்டும். சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் அதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது. தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனமும் உண்டு. இரண்டாமவர் உங்கள் முன்வீட்டுப் பிள்ளை. எத்தனை கியூப் கல், எத்தனை பை சீமெந்து, எவ்வளவு காசு என்று கணக்குப் பார்க்கிறவர். பெரும்பாலும் மேசை வேலை. மூன்றாமவர் பிளானில் இருக்கிற கோட்டை மண்ணில் போட்டுக் கொடுக்கிறவர். தம்பி பழக நினைப்பது இந்த மூன்றாவது. இதற்குக் காணி அளக்கிறவருக்கான அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் இதைப் படித்ததால் காணி எல்லைப் படத்தில் ஒப்பம் வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மாமாவின் கேள்விக்கு வருவோம். ஆம், நூல் பிடிக்கிற வேலைதான். என் வீட்டு நூல் பிழையாகப் பிடிபட்ட கதையைச் சொல்கிறேன்.

அத்திவாரம் வெட்ட நிலையம் எடுத்த அன்று, அதாவது வீட்டின் கோட்டை மண்ணில் குறித்த அன்று, ரேப்பின் நுனி தேய்ந்திருந்தது. "ஐயா, ஒரு அடிக் கோட்டில் பிடியுங்கோ" என்றார் மேசன். நானும் ஒரு அடியில் பிடித்தேன். அவர் மறுநுனியில் 12 அடியில் முளை அடித்தார். அந்த ஒரு அடியைக் கூட்டி 13இல் அடித்திருக்க வேண்டும். இருவருக்கும் மறந்துபோயிற்று. அறை 11 அடி. சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான் கண்டோம். இன்றுவரை அந்த அறையில் கட்டிலைப் போட்டால் அலுமாரியின் ஒரு கதவு பாதிதான் திறக்கும். மனைவி அதைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரு பார்வை கிடைக்கும்.

முளை அடிக்கும்போது பிழையென்றால் பிடுங்கி அடிக்கலாம். கொன்கிறீற் விழுந்த பிறகு என்ன செய்வது? இதற்குத்தான் ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

தம்பி முதலில் பழகவேண்டியவை பெரிய கருவியில் இல்லை. மூலை சதுரமாக வர 3, 4, 5 கணக்கு. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம். வளவில் செய்யும்போது 6, 8, 10 என்று பெருப்பித்துச் செய்ய வேண்டும், சின்ன முக்கோணத்தில் சின்னப் பிழை தெரியாது. பிறகு மூலைவிட்டம். 30க்கு 40 அடி வீடென்றால் இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வர வேண்டும். ஒன்று 50 அடி 4 அங்குலம், மற்றது 49 அடி 8 அங்குலம் என்று வந்தால் "நாலு அங்குலம்தானே" என்று விடக்கூடாது. அந்த 30 அடிச் சுவர் அந்தலையில் ஏறக்குறைய 5 அங்குலம் பக்கவாட்டில் விலகி நிற்கும். ரைல்ஸ் பதிக்கிற நாளில் கடைசி வரிசை ஆப்பு மாதிரி வெட்டுப்படும்போது வீட்டுக்காரருக்கு விளங்கும்.

இன்னொன்று, மூலையில் அடித்த முளை அத்திவாரம் வெட்டும்போது மண்ணோடு போய்விடும். அதனால் கிடங்குக்கு மூன்று நாலு அடி வெளியே மரச்சட்டம் அடித்து, அதில் ஆணி வைத்து நூல் கட்டுவார்கள். மண் வெட்டினாலும் கோடு தொலையாது, நூலைத் திரும்பக் கட்டினால் மூலை அதே இடத்தில் வந்து நிற்கும். இதை ஒருதரம் தன் கையால் செய்தவன் மறக்கமாட்டான்.

அடுத்தது மட்டம். யாழ்ப்பாணம் தட்டை நிலம், இங்கே மட்டம் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தட்டையாக இருப்பதால்தான் கஷ்டம். மலைநாட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கைகளில் கார்த்திகை, மார்கழி மழை வந்து நின்றால்தான் எது பள்ளம் என்று தெரிகிறது. நாலு அங்குலக் கழிவுக் குழாய்க்கு வழக்கமாக 40க்கு 1 சரிவு கொடுப்பார்கள், 40 அடி போனால் ஓர் அடி இறங்க வேண்டும். அதைக் கண்மட்டத்தில் கொடுக்க முடியாது. ஒட்டோ லெவல் என்ற கருவியும் அளவுக்கோலும் வேண்டும். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். தெரிந்த புள்ளியின் மட்டத்தை 100.000 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கோலை வைத்து வாசித்தால் 1.425. கருவியின் கண் 101.425இல் இருக்கிறது. அடுத்த இடத்தில் கோல் 1.180 காட்டினால் அந்த இடம் 100.245. கோலில் எண் குறைந்தால் நிலம் உயரம், கூடினால் பள்ளம். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் கிழமை இதைத் தலைகீழாகத்தான் எழுதுவார்கள். அப்புறம் பழகிவிடும். வேலை முடிந்து தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து வாசித்துச் சரிபார்க்காதவனை எந்த இஞ்சினியரும் இரண்டாம் நாள் கூப்பிடமாட்டார்.

ரோட்டல் ஸ்ரேசன் (தூரமும் கோணமும் சேர்த்து அளக்கிற மின்கருவி), ஓட்டோகாட் (கணினியில் பிளான் கீறுகிற மென்பொருள்) எல்லாம் வேண்டாமா என்றால், வேண்டும்தான், ஆனால் பிறகு. இதையெல்லாம் ஒரு மாதத்தில் படிப்பிக்கிறோம், வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று சுவரொட்டி ஒட்டுகிற இடங்களுக்கு முதலில் காசு கட்டிவிடாதீர்கள். கருவி எண்ணைக் காட்டும், அந்த எண் பிழையென்று கண்டுபிடிக்க நூலும் ரேப்பும் பழகியிருக்க வேண்டும்.

கொக்குவிலில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் கட்டட நிர்மாணப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் சான்றிதழ் என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். 4 வரை தொழிலாளர் தரம், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தனியார் இடமென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இதைவிட நான் முக்கியமாகக் கேட்பது வேறு: ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள்? இருபது பேர் சுற்றிநின்று ஒரு லெவலைப் பார்க்கிற வகுப்பில் கண்ணாடிக்குள் கண் வைக்கிற முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். போன வருடப் பிள்ளை ஒருவரின் களப்புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அழுக்காக இருந்தால் நல்ல இடம்.

சம்பளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் கோல் பிடிக்கிற ஆளாகவே நிற்க வேண்டிவரும், வெயிலில் கறுத்துப்போவான், காசும் பெரிதாக வராது. பிறகு கருவி கைக்கு வரும், அதற்குப் பிறகு ஒரு தளத்தின் அளவை முழுவதும் அவன் பொறுப்பில் வரும். வளைகுடா போக நினைத்தாலும் அங்கே அனுபவம்தான் கேட்பார்கள்.

முடிவெடுக்க முன் இந்தச் சனிக்கிழமை ஒரு வேலை கொடுங்கள். கடையில் அரை அங்குலத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் 40 அடி வாங்கி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கிணற்றுக்கட்டு வீட்டு விறாந்தையைவிட எத்தனை அங்குலம் உயரம் அல்லது தாழ்வு என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் விரலை எடுத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும், அடைத்துக்கொண்டு பார்த்தால் தண்ணீர் பொய் சொல்லும். மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். பிறகு இடம் மாறி நின்று இன்னொரு தரம். இரண்டு தரமும் வந்த எண்களை அப்படியே எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், திருத்தாமல்.