சால்வை சரி, பங்கு எங்க?

கேள்வி: எங்க ஏரியா தமிழ்ச் சங்கத்துல மகளிர் தினத்துக்கு சாதனைப் பெண்களைக் கூப்பிட்டு சால்வை போட்டு விருது குடுத்தோம், அழைப்பிதழும் இதோட வெச்சிருக்கேன். இஸ்ரோல இருந்து ஐடி வரைக்கும் பெண்கள் வந்தாச்சு. நானே கடன் வாங்கி தங்கச்சிக்கு சீர் செஞ்சு கட்டிக் குடுத்தவன்தான். இன்னமும் இதழுக்கு இதழ் சமத்துவம் சமத்துவம்னு எழுதறீங்களே, இதுக்கு மேல என்னதான் சார் வேணும்?
– ஒரு வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: விருது குடுத்தது நல்ல காரியம், அதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்ல. இஸ்ரோன்னு சொன்னீங்க, செங்கோட்டைப் பொண்ணு நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சு, நம்ம பெங்களூருல வேலை பார்த்து, ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநரா நின்னு 2023 செப்டம்பர் 2-ல அதை சூரியன் பக்கம் அனுப்பி வெச்சாங்க. அதுக்கு முன்னாடி 2012-லயே அரியலூர் வளர்மதி ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோளோட திட்ட இயக்குநரா இருந்தாங்க, 2015-ல தமிழக அரசோட முதல் அப்துல் கலாம் விருது அவங்களுக்குத்தான் போச்சு. இவங்க பேரை நம்ம பிள்ளைங்களுக்கு மனப்பாடமா சொல்லிக் குடுக்கணும், ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து.

ஆனா நீங்க அனுப்பின அழைப்பிதழை முழுசா படிச்சேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை எல்லாத்துலயும் ஆண்கள் பேர்தான். பெண்கள் பேரு தமிழ்த்தாய் வாழ்த்துல வருது, நன்றியுரைல வருது, அப்புறம் கடைசி வரியில "சிற்றுண்டி ஏற்பாடு: மகளிர் அணி"ன்னு வருது. விருது வாங்கினவங்கள்ல மூணு பேருக்கு திருமதின்னு போட்டு வீட்டுக்காரர் பேரை மட்டும் அடிச்சிருக்கீங்க, விருது வாங்கின பொம்பளையோட சொந்தப் பேரு அந்த அட்டையில எங்கயுமே இல்ல. யாரும் வேணும்னு பண்ணிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா ப்ரூஃப் பார்த்த அத்தனை பேர் கண்ணுலயும் இது படல பாருங்க, நான் இதழுக்கு இதழ் எழுதறது இதுக்காகத்தான். அன்னிக்கு ஹால்ல உக்காந்து கை தட்ட வேண்டியவங்க பின்னாடி கேசரி கிண்டிட்டு இருந்திருக்காங்க.

வீட்டுக்குள்ளயும் இதே கதைதான். மத்திய அரசு 2024-ல எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 289 நிமிஷம் அதுல செலவு பண்றாங்க, அதே வேலை செய்யற ஆண்கள் 88 நிமிஷம். 2024-ல ஜெயிச்சு லோக்சபாவுக்குப் போன 543 பேர்ல பெண்கள் 74. எல்லாத் துறையிலயும் வந்தாச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கணக்கையும் ஒரு தடவை பாருங்க.

இப்போ நீங்க மேடைக்குக் கூப்பிடாத பெண்களைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். பொம்மனஹள்ளி, பீன்யா, மைசூர் ரோடு பக்கமெல்லாம் காலைல டிஃபன் பாக்ஸோட வேக வேகமா நடந்து போறாங்களே, கார்மென்ட்ஸ் பெண்கள், அவங்கள்ல நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரங்களும் இருக்காங்க. ஒரு லைன்ல ஒருத்தி காலர், அடுத்தவ கஃப், அடுத்தவ பட்டன்னு ஓடும், மணிக்கு இத்தனை பீஸ்னு டார்கெட், பாத்ரூம் போயிட்டு வந்தா பீஸ் குறையும்னு தண்ணியே குடிக்காம உக்காந்திருக்கறவங்க நிறைய பேரு. நாப்பது வயசுலயே இடுப்பும் கண்ணும் போயிடும், அப்புறம் வேலையை விட்டுட்டு பி.எஃப். பணத்தை எடுத்துத்தான் பிள்ளை காலேஜ் ஃபீஸோ வட்டிக் கடனோ கட்டுவாங்க.

2016 பிப்ரவரியில மத்திய அரசு ஒரு ரூல் போட்டுச்சு, பி.எஃப்.ல முதலாளி போடற பங்கை 58 வயசு வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு. ஏப்ரல் 18-ம் தேதி இந்தப் பெண்கள் மெஷினை நிறுத்திட்டு ஓசூர் ரோட்டுக்கு வந்து உக்காந்துட்டாங்க, ஆயிரக்கணக்குல, பெரிய தலைவர் யாரும் மைக் பிடிச்சுக் கூப்பிடல, ஒரு ஃபேக்டரில இருந்து அடுத்த ஃபேக்டரிக்கு வாய் வார்த்தையாவே பரவி வந்தாங்க. அடுத்த நாள் ஊர்ல பல இடத்துல பரவிடுச்சு, பஸ் எரிஞ்சுது, தடியடி நடந்துச்சு, கண்ணீர் புகை போட்டாங்க. வன்முறையை நான் நியாயப்படுத்தல, ஆனா நிறைய பெண்கள் வெறும் கையோட நின்னு அடி வாங்கினாங்கங்கறதும் உண்மை. 19-ம் தேதி சாயங்காலம் மத்திய அரசு அந்த ரூலை வாபஸ் வாங்கிடுச்சு. ரெண்டே நாள்! அந்த ரூல் கார்மென்ட்ஸ்காரங்களுக்கு மட்டும் போட்டது இல்ல சார், நாடு முழுக்க பி.எஃப். கட்டற எல்லாருக்கும் போட்டது. நீங்க சம்பளத்துல பி.எஃப். பிடிக்கிற ஆளா இருந்தா உங்க பணத்துக்கும் சேர்த்துத்தான் அவங்க ரோட்டுல உக்காந்தாங்க. இதை விட பெரிய சாதனை எதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். ஒரு சங்கமாவது அவங்கள்ல ஒருத்தியைக் கூப்பிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லும்மா"ன்னு மைக்கைக் குடுத்து நான் பார்க்கல.

என்ன வேணும்னு கேட்டீங்க இல்ல, இந்தப் பெண்கள்கிட்ட போய்க் கேளுங்க. கைக்குழந்தையை விட்டுட்டு வர நல்ல இடம் வேணும்பாங்க. 2017-ல திருத்தின மகப்பேறு சட்டத்துலயே 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல க்ரெஷ், அதாவது குழந்தைகள் காப்பகம், இருக்கணும், முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு வந்தாச்சு. 10 பேர் இருக்கிற இடத்துலயே பாலியல் தொல்லை புகாருக்கு உள்ளக் கமிட்டி வேணும்னு 2013 சட்டம் சொல்லுது. சட்டம் இருக்கு, க்ரெஷ்னு போர்டும் தொங்கும், உள்ள போய்ப் பார்த்தா ரூம்ல அட்டைப் பெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க. உங்க சங்கத்துல ஃபேக்டரி நடத்தறவங்க, ஹெச்.ஆர்.ல இருக்கறவங்க கட்டாயம் இருப்பாங்க, அடுத்த விருதை குழந்தைங்க சத்தம் கேக்கற க்ரெஷ் நடத்தற ஒரு முதலாளிக்குக் குடுங்க, நானே வந்து கை தட்டறேன்.

கடைசியா உங்க தங்கச்சி விஷயம். கடன் வாங்கி கல்யாணம் பண்ணி வெச்சீங்க, அந்தப் பாசத்தை நான் மதிக்கறேன். ஆனா சீர் வேற, பங்கு வேற. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுலயே பெண்ணுக்கு சம சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. தமிழ்நாடு 1989-ல சட்டம் கொண்டு வந்துச்சு, கர்நாடகா 1994-ல, அதுக்கப்புறம் 2005-ல நாடு முழுக்க இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்துல மகனுக்கு இருக்கிற அதே உரிமை மகளுக்கும் பிறப்பாலயே உண்டுன்னு ஆச்சு, விவசாய நிலமும் அதுல அடக்கம். அந்த சட்டம் வந்தப்போ அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. அப்பா சொந்தமா சம்பாதிச்சதுல, உயில் எழுதாம போயிருந்தா, 1956-ல இருந்தே மகளுக்கு சம பங்குதான்.

இவ்வளவு இருந்தும் நம்மாளுங்க என்ன பண்றாங்க? ஊருக்குப் போய், "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, பட்டா மாத்தணும்"னு தங்கச்சியை சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய், என் பங்கு எனக்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல எழுதி வாங்கறாங்க, அவளும் பொறந்த வீடு வேணுமே, நாளைக்கு ஒண்ணுன்னா அண்ணன் வேணுமேன்னு வாயைத் திறக்காம போட்டுக் குடுத்துட்டு வர்றா. உங்க வீட்டுல என்ன நிலைமைன்னு எனக்குத் தெரியாது சார். இன்னும் பாகம் பிரிக்கலன்னா, தங்கச்சிக்கு ஒரு ஃபோன் போட்டு அவ பங்கு எவ்வளவுன்னு நீங்களே அவகிட்ட முதல்ல சொல்லுங்க, வேணுமா வேணாமான்னு அவ யோசிச்சுச் சொல்லட்டும்.