கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டத்துக்கான ஜே-1 விசாவில் அமெரிக்கா செல்பவர்களை அரசு எப்படிக் கண்காணிக்கிறது?

விசா வழங்கிய தூதரகமே தொடர்ந்து கண்காணிக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள், நடைமுறை அப்படியில்லை. 1961-ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இத்திட்டத்தில், அமெரிக்க வெளியுறவுத் துறை சில அமைப்புகளை ‘ஸ்பான்சர்’களாக அங்கீகரிக்கிறது. விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுப்பது, விசாவுக்கு விண்ணப்பிக்கத் தேவையான டிஎஸ்-2019 படிவம் வழங்குவது, வந்து சேர்ந்தபின் அவருடைய முகவரியை, வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அரசின் ‘செவிஸ்’ கணினிப் பதிவில் புதுப்பிப்பது எல்லாம் ஸ்பான்சரின் பொறுப்பு. அரசு கண்காணிப்பது பெரும்பாலும் அந்த ஸ்பான்சரைத்தான். மாணவர்களிடம் கட்டணம் வாங்கிப் பிழைக்கும் அமைப்பே அவர்களுக்குக் காவலாகவும் இருப்பது, என் பார்வையில், இந்த ஏற்பாட்டின் பலவீனம்.

அது 2011 ஆகஸ்டில் வெளிப்பட்டது. பென்சில்வேனியாவின் பால்மைராவில், ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பொதி கட்டும் கிடங்கில் ஜே-1 விசாவின் ஒரு பிரிவான கோடைக்கால வேலைத் திட்டத்தின்கீழ் பணிபுரிந்த வெளிநாட்டு மாணவர்கள், கனமான பெட்டிகளையும் இரவுப் பணியையும் வாடகைப் பிடித்தம் போக மிஞ்சிய சொற்பச் சம்பளத்தையும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். (பண்பாட்டுப் பரிமாற்றம் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள்!) அதன்பின் அம்மாணவர்களின் ஸ்பான்சர் அங்கீகாரத்தை இழந்தது, கோடைக்கால வேலைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 1,09,000 பேர் என்ற உச்சவரம்பு வந்தது, 2012 விதிகள் கிடங்கு, உற்பத்தி வேலைகளையும், பெரும்பகுதி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அமையும் வேலைகளையும் தடைசெய்தன.